மைனஸ் 22இல் ஸ்டார்ட் செய்ய எந்த ஆயில்: 0டபிள்யூ-30ஆ, 5டபிள்யூ-30ஆ?

பனிப்பாதை எழுதியது:

வணக்கம். என் கார் பழசு. 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், டர்போ கிடையாது, ஓடியது 1,80,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நிறுத்துவது திறந்த வெளியில்தான். குளிர் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் விடியற்காலை மைனஸ் 22 வரை இறங்குகிறது.

இப்போது உள்ளே இருப்பது 10டபிள்யூ-40. முன்பு வைத்திருந்தவர் அதைத்தான் ஊற்றிவந்தார், நானும் அப்படியே தொடர்ந்தேன். காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. இன்ஜின் பிடித்துக்கொண்ட பிறகும் ஆயில் விளக்கு உடனே அணைவதில்லை. மேலே வால்வுகளைத் தள்ளும் டப்பெட் பக்கத்திலிருந்து 'டக டக டக' என்று ஒரு சத்தம் கிளம்பி, சில நொடி கழித்துத்தான் அடங்குகிறது. மத்தியானம் அதே கார், அதே ஆயில், ஒரு சத்தமும் இல்லை.

மேனுவலில் 5டபிள்யூ-30 முதல் தேர்வு. பக்கத்தில் வெப்பநிலைப் பட்டைகள் போட்ட படத்தில் 0டபிள்யூ-30, 5டபிள்யூ-40, 10டபிள்யூ-40 மூன்றும் இருக்கின்றன. 10டபிள்யூ-40க்கான பட்டை மைனஸ் 20க்கு முன்பே முடிந்துவிடுகிறது.

ஆனால் 0 என்று பார்த்தாலே பயமாக இருக்கிறது. இவ்வளவு ஓடிய இன்ஜினில் தண்ணீர் மாதிரி ஆயிலை ஊற்றினால் தேய்ந்துபோகாதா? இன்னொன்று: வானிலை அறிக்கையில் மைனஸ் 22 என்கிறார்கள், காற்றோடு சேர்த்து உடம்பு உணரும் குளிர் மைனஸ் 31 என்கிறார்கள். ஆயிலுக்கு எதைக் கணக்கில் எடுப்பது? வேலைக்குப் போகும் தூரம் 4 கிலோமீட்டர்தான், அது முக்கியமா என்று தெரியவில்லை.


ஓரவழி எழுதியது:

மேனுவலில் முதலில் இருப்பதை ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். 5டபிள்யூ-30. இதற்கு ஏன் இத்தனை யோசனை?


பழைய ஸ்பானர் எழுதியது:

ஓரவழி சொன்ன விடை சரி. ஆனால் அவர் கேட்டது ஏன் என்று. அதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த வருடம் யாராவது ஏதாவது சொல்ல, மறுபடியும் 10டபிள்யூ-40 வாங்கிவந்து நிற்பார்.

தம்பி, போகிற போக்கில் ஒரு 4 கிலோமீட்டர் என்று போட்டீர்களே, இதில் பெரிய விஷயமே அதுதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

டப்பாவில் இருக்கும் இரண்டு எண்ணும் இரண்டு தனித்தனிச் சோதனைகளிலிருந்து வருபவை. முன்னால் இருப்பது குளிரில், பின்னால் இருப்பது 100 டிகிரியில். ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்க முடியாது. எஸ்ஏஇ ஜே300 என்ற தரநிலைதான் இதற்கு அடிப்படை. 100 டிகிரியில் பாகுத்தன்மை, அதாவது ஆயிலின் கெட்டி, 9.3இலிருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருந்தால் அது 30. அங்கிருந்து 16.3 வரை 40. ஆக 0டபிள்யூ-30, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 மூன்றும் சூடான இன்ஜினில் ஒரே எல்லைக்குள்தான் நிற்கும். 0 போட்டிருப்பதால் நெடுஞ்சாலையில் போகும்போது ஆயில் நீர்த்துப்போகாது.

இனி குளிர்ப் பக்கம். இங்கே இரண்டு சோதனை. முதலாவது, ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுற்ற ஆயில் விடுகிறதா என்பது. 0டபிள்யூவை மைனஸ் 35இல் சோதிப்பார்கள், 5டபிள்யூவை மைனஸ் 30இல், 10டபிள்யூவை மைனஸ் 25இல், 15டபிள்யூவை மைனஸ் 20இல். மனப்பாடம் செய்யத் தேவையில்லை, முதல் எண்ணிலிருந்து 35ஐக் கழித்தால் வந்துவிடும். 0டபிள்யூவுக்கு அந்த மைனஸ் 35இல் பாகுத்தன்மை 6,200 மில்லிபாஸ்கல்-நொடி வரை இருக்க அனுமதி உண்டு. அறை வெப்பத்தில் தண்ணீருக்கு அதே அளவு வெறும் 1. அவ்வளவு ஏன், மிதமான 20 டிகிரி காலையில்கூட ஒரு 0டபிள்யூ-30 ஆயில், அது சூடாக இருக்கும்போது உள்ளதைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டியாகத்தான் இருக்கும். குளிர்ந்த இன்ஜினில் எந்த ஆயிலும் தேவைக்கு மேல் கெட்டிதான். 0 கொஞ்சம் குறைவாகக் கெட்டி. தண்ணீர் பயத்தை இத்தோடு விட்டுவிடுங்கள்.

இரண்டாவது சோதனைதான் எனக்கு முக்கியமாகப் படுவது. சம்ப்பில், அதாவது இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியில், கிடக்கும் ஆயில் தானாக நகர்ந்து பம்பின் வாய்க்கு வருகிறதா என்பது அது. இதை முதல் சோதனையைவிட இன்னும் 5 டிகிரி கீழே வைத்து நடத்துகிறார்கள்: 10டபிள்யூவுக்கு மைனஸ் 30, 5டபிள்யூவுக்கு மைனஸ் 35, 0டபிள்யூவுக்கு மைனஸ் 40. அந்த 5 டிகிரி இடைவெளி வேண்டுமென்றே வைத்தது. ஸ்டார்ட்டே ஆகாத இன்ஜினுக்கு ஒரு சேதமும் இல்லை. நீங்கள் அன்றைக்கு வேலைக்கு லேட், அவ்வளவுதான். ஸ்டார்ட் ஆகிவிட்டு, ஆயில் மட்டும் மேலே ஏறாமல் ஓடுகிற இன்ஜின்தான் பேரிங்கைத் தின்றுவிடும்.

1980-81 குளிர்காலத்தில் அமெரிக்காவில் சூ ஃபால்ஸ் வட்டாரத்தில் நடந்ததே அதுதான். அன்றைய ஆய்வகச் சோதனைகளில் தேறிய ஆயில், அங்கே வெப்பம் ஏறி இறங்கிய விதத்தில் சம்ப்புக்குள் கூழாக உறைந்துபோனது. இன்ஜின்கள் ஸ்டார்ட் ஆயின. பம்பு தன் வாய்க்கு நேரே இருந்த கொஞ்சத்தை உறிஞ்சியதும் அங்கே ஒரு பள்ளம் விழுந்தது. சுற்றியிருந்த ஆயில் வந்து அதை நிரப்பவில்லை. பம்பு காற்றை உறிஞ்ச ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் ஆயிலை மெதுவாக, ஒரு நாளுக்கும் மேலாகக் குளிரவைத்துச் சோதிக்கும் முறை வந்தது. டப்பாவில் 'போர் பாயிண்ட் மைனஸ் 39', அதாவது சாய்த்தால் ஆயில் அசையும் கடைசி வெப்பநிலை, என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். சாய்த்தால் அசைகிறது என்பதும் பம்புக்கு வந்து சேர்கிறது என்பதும் ஒன்றல்ல.

உங்கள் காருக்கு வருவோம். ஸ்டார்ட்டர் சோதனையில் 10டபிள்யூவின் எல்லை மைனஸ் 25. நீங்கள் நிற்பது மைனஸ் 22. மூன்று டிகிரிதான் மிச்சம், அதுவும் புது ஆயிலுக்கு. பல மாதம் ஓடி ஆக்ஸிஜனேற்றத்தில் கெட்டிப்பட்ட ஆயிலுக்கு அதுகூடக் கிடையாது. இந்த வெப்பநிலைகளில் 5 டிகிரி இறங்கினால் ஆயில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டியாகும், அதனால் இங்கே ஒவ்வொரு டிகிரியும் கணக்கு. 5டபிள்யூ போட்டால் 8 டிகிரி கையிருப்பு, 0டபிள்யூ போட்டால் 13. உங்கள் மேனுவல்காரர்களும் 10டபிள்யூ-40 பட்டையை மைனஸ் 20க்கு முன்பே வெட்டியது சும்மா இல்லை.

காற்றோடு சேர்த்துச் சொல்லும் குளிர் உங்கள் முகத்துக்கு, இன்ஜினுக்கு இல்லை. காற்று அடித்தால் இன்ஜின் சீக்கிரம் ஆறும், ஆனால் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே போகாது. மைனஸ் 22ஐயே எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், மைனஸ் 22தான் அடி என்றால் நல்ல சிந்தெடிக் 5டபிள்யூ-30. மைனஸ் 25க்குக் கீழே அடிக்கடி போகுமானால் 0டபிள்யூ-30, யோசிக்கவே வேண்டாம். நடுவில் இருந்தால் எது கிடைக்கிறதோ அது. இரண்டில் எதைப் போட்டாலும் இப்போது இருப்பதைவிட நிலைமை மேல்.


நாற்பதான் எழுதியது:

மன்னிக்கணும், எனக்கு இது ஒத்துவரவில்லை. ஓடி முடித்த இன்ஜினில் 30 போட்டால் ஆயில் குடிக்கும், சீல் ஓரமெல்லாம் கசியும். என் வண்டி 2,60,000 தாண்டியது, 40க்குக் கீழே இறங்கியதே இல்லை. 10டபிள்யூ-40 போட்டு ஓட்டுகிறவன் நான். குளிரில் கொஞ்சம் சிரமப்படும், உண்மைதான். சூடானால் சரியாகிவிடும்.


பழைய ஸ்பானர் எழுதியது:

நீங்கள் சண்டை போடுவது பின் எண்ணுக்கு. கேள்வி முன் எண்ணைப் பற்றி. 40 வேண்டுமென்றால் தாராளமாக 40 போடுங்கள், யார் தடுத்தது? ஆனால் அதற்கு 10டபிள்யூ எதற்கு? 5டபிள்யூ-40 இருக்கிறது, 0டபிள்யூ-40 இருக்கிறது. 150 டிகிரியில், வேகமான உராய்வில் ஆயில் படலம் எவ்வளவு தாங்குகிறது என்று ஒரு அளவு உண்டு. 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40, 10டபிள்யூ-40 மூன்றுக்கும் குறைந்தபட்சம் ஒன்றுதான்: 3.5 மில்லிபாஸ்கல்-நொடி. நீங்கள் நம்பும் அந்த 40இன் பலம் மூன்றிலும் இருக்கிறது. காலைக் கஷ்டம் மட்டும் குறையும். இந்தத் தம்பியின் மேனுவலிலேயே 5டபிள்யூ-40 இருக்கிறதே.

ஆயில் குடிப்பது பற்றி நீங்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. இன்ஜின் சூட்டில் ஆயிலில் ஒரு பங்கு ஆவியாகிப் போகும். அதை அளக்கும் நோவாக் சோதனையில் ஏபிஐ எஸ்பி என்ற அமெரிக்கத் தரத்துக்கு 15 சதவீதம் வரை விடுகிறார்கள். ஏசிஇஏ என்ற ஐரோப்பியத் தர வரிசையில் ஏ3/பி4, சி3 போன்றவற்றில் 13க்கு மேல் கூடாது. அதனால் பழைய இன்ஜினுக்கு 0டபிள்யூ எடுப்பவர்கள் டப்பாவின் முன்பக்க அலங்காரத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் தரக் குறியீட்டைப் படிக்க வேண்டும். கசிவுக்கு வேறு காரணம்: ரப்பர் சீல் வயதாகி இறுகிவிட்டது. அதைக் கெட்டி ஆயில் கொஞ்ச நாள் மறைக்கும், சரிசெய்யாது.

'சூடானால் சரியாகிவிடும்' என்கிறீர்கள். சூடாவதற்கு முன்னால் நடப்பதைத்தானே இவர் கேட்கிறார்!


ஓரவழி எழுதியது:

பிரீசரில் வைத்துப் பாருங்கள், நம்பிக்கை வரும். வீட்டு பிரீசர் மைனஸ் 18 பக்கம் இருக்கும். ஒரே அளவு சின்னப் பாட்டில் இரண்டு, ஒன்றில் 10டபிள்யூ-40, ஒன்றில் 0டபிள்யூ-30, கழுத்தளவு ஊற்றி, மேலே ஒரு விரல் காற்று விட்டு மூடி, ராத்திரி முழுக்க உள்ளே. காலையில் இரண்டையும் ஒன்றாகத் தலைகீழாகத் திருப்பினேன். 0டபிள்யூவில் காற்றுக்குமிழ் உடனே கிளம்பி மேலே போய் உட்கார்ந்துவிட்டது. 10டபிள்யூவில் குமிழ் கழுத்தை விட்டு வெளியே வரவே யோசித்தது. வந்த பிறகும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நீண்டு, கண்ணாடியை ஒட்டிக்கொண்டே ஊர்ந்தது. பாட்டிலை நிமிர்த்திய பிறகும் சுவரில் ஆயில் தடிமனாக நின்றது. சம்ப்பில் கிடப்பதும் இதே சாமான்தானே.


பழைய ஸ்பானர் எழுதியது:

நல்ல வேலை. ஒன்று மட்டும்: பாட்டிலில் பார்ப்பது ஆயில் தன் எடையில் நகர்வதை, அதாவது பம்பு சோதனைப் பக்கத்தை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேரிங்குக்குள் ஆயில் படும் பாடு வேறு. பாட்டிலில் சுமாராகத் தெரிகிற ஆயில் அங்கே தேறிவிடலாம்.


டீசல்வாசி எழுதியது:

இதைப் படிக்கும் டீசல்காரர்களுக்கு ஒரு வரி. 5டபிள்யூ-30 என்று இரண்டு டப்பா ஒன்றுபோல இருக்கும், ஒன்று உங்கள் வண்டிக்கு ஆகாது. புகை வடிகட்டி இருந்தால் சாம்பல் குறைவான ஆயில்தான் போட வேண்டும், ஏசிஇஏ சி வரிசை. இல்லாவிட்டால் ஆயிலின் சாம்பல் வடிகட்டியில் படிந்துகொண்டே போகும், எரித்தும் போகாது. அந்த வரிசைக்குள்ளேயும் சி2, சி3, சி5 என்று படலத்தின் பலம் மாறும். மேனுவலில் எந்த எழுத்து இருக்கிறதோ அதே எழுத்து. குளிருக்கான எண்ணை அதற்குள் தேடுங்கள்.


பனிப்பாதை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பிரீசர் பாட்டில் விஷயத்தைப் படித்த பிறகு என் 10டபிள்யூ-40 மேல் இருந்த பாசம் போய்விட்டது. ஆயில் குடிப்பது என் வண்டியில் பெரிதாக இல்லை, ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அரை லிட்டருக்குள்தான் சேர்க்கிறேன்.

ஸ்பானர் அண்ணே, 4 கிலோமீட்டர் பற்றி அப்புறம் சொல்கிறேன் என்றீர்கள். இன்றைக்கு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் வெண்ணிறத்தில் பசை போல ஏதோ அப்பியிருக்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு போன மாதம் பார்த்ததைவிட ஒரு மயிரிழை கூடியிருக்கிறது, நான் ஊற்றவே இல்லை. கூலன்ட்டும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா? பக்கத்தில் ஒருவர், குளிருக்கு ஆயிலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் இளகும், ஸ்டார்ட் ஆவது சுலபம் என்கிறார். செய்யலாமா?


பழைய ஸ்பானர் எழுதியது:

மண்ணெண்ணெயைத் தொடாதீர்கள். அந்த யோசனைக்கு ஒரு பூர்விகம் உண்டு, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானங்களில், இன்ஜினை நிறுத்துவதற்கு முன்னால் ஆயிலில் பெட்ரோலைக் கலக்க ஒரு ஏற்பாடே இருந்தது. மறுநாள் காலை இளகலாக ஸ்டார்ட் ஆகும், பிறகு நன்றாகச் சூடானதும் கலந்த பெட்ரோல் ஆவியாகி வெளியேறிவிடும். அங்கே வேலை செய்ததற்குக் காரணம் இன்ஜின் நெடுநேரம் முழுச் சூட்டில் ஓடியதுதான். உங்கள் 4 கிலோமீட்டரில் எதுவும் ஆவியாகாது. கலந்தது கலந்தபடியே இருந்து பேரிங்கில் படலத்தை மெலிக்கும்.

சொல்லப்போனால் உங்கள் இன்ஜின் ஏற்கெனவே தானே கலந்துகொண்டிருக்கிறது. அளவு ஏறியது அதனால்தான் என்பது என் ஊகம். குளிரில் ஸ்டார்ட் ஆகும்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாகத் தெளிக்கும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவர் வழியாக வடிந்து சம்ப்புக்குப் போகும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் சந்தேகமே இல்லை.

அந்த வெண்பசை தண்ணீரும் ஆயிலும் சேர்ந்தது. எரிதலில் உண்டாகும் நீராவி குளிர்ந்த மூடியில் போய்ப் படிகிறது. குறைந்த தூரம் ஓடும் வண்டிகளில் குளிர்காலத்தில் இது சகஜம். ஆனால் சகஜம் என்று நினைத்து விட்டுவிடவும் கூடாது. கூலன்ட் டப்பாவில் இன்றைய அளவுக்கு ஒரு கோடு போட்டுவையுங்கள். டிப்ஸ்டிக்கில் ஒட்டும் ஆயிலே பால் கலந்த நிறத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கூலன்ட் குறையாமல், டிப்ஸ்டிக் ஆயில் ஆயில் நிறத்திலேயே இருந்தால் கேஸ்கெட் பெரும்பாலும் நல்லபடி இருக்கிறது. இரண்டில் ஒன்று மாறினால் ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

சூட்டு முள் நடுவில் வந்துவிட்டதே என்று நினைக்காதீர்கள். அது கூலன்ட்டின் சூடு. ஆயில் அதற்குப் பின்னால்தான் மெதுவாக ஏறும். 4 கிலோமீட்டரில் ஆயில் வெதுவெதுப்பைத் தாண்டியிருக்காது, தண்ணீரும் பெட்ரோலும் உள்ளேயே தங்கும். வாரத்தில் ஒரு நாள் அரை மணி, முக்கால் மணி நேரம் நெடுஞ்சாலையில் விட்டு ஓட்டுங்கள். வீட்டு வாசலில் நிறுத்தி ஐடிலில் சூடாக்குவது உதவாது, பெட்ரோல் கலப்பைத்தான் கூட்டும். ஸ்டார்ட் செய்து அரை நிமிடம், ஆயில் விளக்கு அணைந்து சத்தம் அடங்கியதும் கிளம்புங்கள். சூடாகும் வரை நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் விரட்ட வேண்டாம்.

மேனுவலில் 'கடினமான பயன்பாடு' என்று ஒரு பட்டியல் இருக்கும். குறைந்த தூரம், கடுங்குளிர் இரண்டும் அதில் வரும். அதற்கு உரிய குறைந்த இடைவெளியில்தான் நீங்கள் ஆயில் மாற்ற வேண்டும். என் கணக்கில் 0க்கும் 5க்கும் உள்ள வித்தியாசத்தைவிட இது உங்கள் வண்டிக்கு முக்கியம். விலையுயர்ந்த 0டபிள்யூவை ஊற்றிவிட்டு வருடம் முழுக்க அதையே ஓட்டுவதைவிட, சாதாரண 5டபிள்யூ-30ஐக் காலத்தில் மாற்றுவது மேல்.

அந்த டப்பெட் சத்தத்துக்கு ஆயில் மட்டும் காரணமாக இருக்காது. பில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு உண்டு, ஆன்டி-டிரெயின்பேக் வால்வு என்பார்கள். இன்ஜின் நின்ற பிறகு மேலே போன ஆயில் திரும்ப சம்ப்புக்கு இறங்காமல் தடுப்பது அதன் வேலை. மலிவான பில்டரில் நைட்ரைல் ரப்பர் இருக்கும், குளிரில் விறைத்துப்போகும். சிலிக்கான் வால்வு உள்ள பில்டராகப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, ஆயில் ரொம்பக் கெட்டியாக இருந்தால் பில்டரின் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேராகப் பேரிங்குக்குப் போகும். ஒவ்வொரு குளிர்காலக் காலையும் உங்கள் 10டபிள்யூ அதைச் செய்துகொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

பேட்டரியையும் சோதித்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றுவதில் பாதிப் பழி அதன் மேல் போகலாம். மேலே போட்டிருக்கும் சிசிஏ எண், மைனஸ் 18இல் 30 நொடி தாக்குப்பிடித்து 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் தரக்கூடிய மின்னோட்டம். புது பேட்டரிக்கு உரிய எண் அது. வயதான பேட்டரியில் அதை எதிர்பார்க்க முடியாது.


நாற்பதான் எழுதியது:

சரி சரி, 5டபிள்யூ-40 பார்க்கிறேன். 10டபிள்யூ-40 ஒரு டப்பா மிச்சம் இருக்கிறது, அதை இதனோடு கலந்து ஊற்றலாமா?


பழைய ஸ்பானர் எழுதியது:

கலந்தால் கெட்டுப்போகாது, இன்ஜின் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும்படிதான் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கலந்ததன் குளிர் எல்லை எங்கே நிற்கும் என்று டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.


பனிப்பாதை எழுதியது:

டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடிக்கிறது, நன்றாகவே. கூலன்ட் கோடு போட்டுவிட்டேன். சனிக்கிழமை 5டபிள்யூ-30உம் பில்டரும் மாற்றுகிறேன். மாற்றுவதற்கு முன்னால் இன்ஜினைச் சூடாக்க வேண்டுமா, அப்படியே இறக்கலாமா?


பழைய ஸ்பானர் எழுதியது:

ஒரு இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து இறக்குங்கள். மைனஸில் இறக்கினால் பாதி ஆயில் சம்ப்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். சூடான ஆயில் கையைச் சுடும், கையுறை போடுங்கள். டிரெயின் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள், பழையதைத் திருப்பிப் போட்டால் சொட்டும். பில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலைக் கொஞ்சம் தடவிவிட்டு, கையால் மட்டும் இறுக்கினால் போதும்.